குருவிக்கு நட்ட கமுகு

என் வாழ்நாளில் குறையே சொல்ல முடியாதபடி நான் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த வேலையால்தான் ஊர் முழுக்கக் கூடி நிற்க, மாமனாரும் மாமியாரும் பார்த்திருக்க, என் மானம் கப்பலேறியது. இரண்டும் எப்படி ஒரே நாளில் நடக்கும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. பெருமையாக இருக்கிறதா என்றால், அது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

அறுபதுகளில் நடந்த கதை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மாத்தளை டவுனில் ஒரு மோட்டார் கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். என்னைப் பற்றி எனக்கு மிக நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் அது. ஓடாமல் நிற்கிற லொறிக்குப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தாலே அதன் நோய் எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். (பொனட்டைத் திறந்து பார்ப்பதெல்லாம் மூளை குறைந்தவர்கள் செய்கிற வேலை என்பது என் கொள்கை.) பத்துத் தடவையில் ஆறு தடவை நான் சொன்னது சரியாகவும் இருந்தது. மற்ற நாலு தடவையை நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த வருஷம்தான் யட்டவத்தைப் பக்கம் ஒரு கிராமத்தில் நூரியாவைக் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு போய்ச் சேர்ந்தேன். ஊரில் பெரும்பாலும் சிங்கள ஆட்கள். முஸ்லிம் வீடுகள் ஏழெட்டு. நூரியாவின் வாப்பா, அதாவது என் மாமா, மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'முதலாளி'. அவருக்கு வியாபாரம் தெரிந்த மருமகன்தான் வேண்டியிருந்தது. கிடைத்ததோ, எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாத நான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வழியுமில்லை, ஏனென்றால் என்னோடு அவர் பேசுவதே இல்லை.

கோபமெல்லாம் கிடையாது. மரியாதைக்குக் குறைச்சலும் இல்லை. பேச்சு மட்டும் மாமி வழியாகத்தான் வரும். ஒரே மேசையில் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். மாமா மாமியைப் பார்த்துச் சொல்வார்.

"நூரியாட உம்மா, மாப்புளக்கி இன்னம் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க."

மாமி என் பக்கம் திரும்புவார். "மகன், சோறு வேணுமா?"

"போதும் மாமி."

"போதுமாம்," என்பார் மாமி, மாமா பக்கம் திரும்பி.

"சரி," என்பார் மாமா.

தபால் கந்தோர் இல்லாத ஊரில் மாமிதான் எங்கள் தபால் கந்தோர். நாலு மாதம் இப்படி ஓடியது. வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. இந்த மனுஷன் ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து 'மருமகன்' என்று கூப்பிட வேண்டும் என்பதே என் ஏக்கமாகிப் போயிற்று. கராஜில் லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டும் அதைத்தான் யோசித்தேன்.

மாமா நேரடியாகப் பேசியது குருவிகளோடு மட்டும்தான். வயிற்றில் ஒபரேஷன் செய்த பிறகு கொஞ்ச நாள் கடைக்குப் போக வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலையில் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கட்டை நட்டு, அதன்மேல் கடையில் பாவித்துக் கழித்த பழைய பித்தளைத் தராசுத் தட்டொன்றை ஆணி அடித்து வைத்திருந்தார். அதில் குறுணியும் தேங்காய்ப்பூவும் பழுத்த பழமும் போடுவார். பறவைக்குத் தீன் போடுவதும் ஸதக்கா, அதாவது தர்மம், என்பது அவருடைய எண்ணம். கொண்டைக்குருவி வரும், மைனா வரும், மணிப்புறா வரும், சில நாளில் ஒரு சோடி மாங்குயிலும் வரும்.

"வாங்க, வாங்க. இன்டைக்கி பப்பாசிப் பழம் ஈக்கி. அவசரப்படாமத் தின்னுங்க," என்பார்.

நாலு மாதமாக எனக்குக் கிடைக்காத உபசாரம் ஒரு மைனாவுக்குக் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் முதல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பிறகு அணில்கள் வந்தன. முதலில் முதுகில் கோடு போட்ட சின்ன அணில்கள் நாலைந்து. கட்டையில் சரசரவென்று ஏறித் தட்டில் இருப்பதை அள்ளிக்கொண்டு ஓடும். அதுகளைப் பார்த்து எங்கிருந்தோ ஒரு தண்டுலேனா வந்து சேர்ந்தது. தண்டுலேனா என்றால் காட்டு அணில். பூனை அளவுக்கு இருக்கும், வால் உடம்பைவிட நீளம். அது வந்து தட்டில் உட்கார்ந்தால் குடும்பத் தலைவர் சாப்பிட உட்கார்ந்த மாதிரிதான். தட்டைக் காலி பண்ணாமல் எழும்பாது. ஒரு கிழமைக்குள் குருவிகள் வருவதை நிறுத்திவிட்டன.

மாமா உடைந்து போனார். காலையில் கதிரையில் உட்கார்ந்து வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவுவார். மாமி தட்டில் கொச்சிக்காய்த் தூள் தூவியபோது, "நாம திங்கிற உறைப்ப வாயில்லாததுக்கு ஏன் குடுக்கிற?" என்று கோபித்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டக்காரர் டிக்கிரி பண்டா துவக்கோடு வந்து, ஒரே வெடியில் முடித்துத் தருகிறேன் என்றார். மாமா அவருக்குத் தேநீர் கொடுத்து, துவக்கோடு திருப்பி அனுப்பினார். "அதுவும் அல்லாஹ்ட படைப்புத்தான். வேற எடத்துல போய்த் தின்னட்டும்," என்றார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் அந்த வார்த்தை வந்தது.

"நூரியாட உம்மா, மாப்புள ஓடாத வண்டியெல்லாம் ஓட வைக்கிறாராம். ஓடி வாறத நிப்பாட்ட ஏலாதான்னு கேளுங்க."

மாமி என் பக்கம் திரும்பும்வரை எனக்குப் பொறுமையில்லை. "ஏலும்னு சொல்லுங்க மாமி," என்றேன்.

சித்திரைப் புதுவருஷம் நெருங்கியிருந்தது. கராஜுக்கு நாலு நாள் லீவு. மாமாவும் புதுவருஷத்துக்கு முதல் நாள் காலையில் மாத்தளைக்குப் போய், மூத்த மகள் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பின்னேரம் திரும்புவதாக இருந்தார். அவர் வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

பழைய கட்டையைப் போய்ப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நகக்கீறல்கள். எனக்கு அது போதும். அணில் கட்டையில் ஏறித்தான் வருகிறது. ஆகவே கட்டை உயரமாகவும் வழுக்கலாகவும் இருந்தால் அணில் தோற்றது. (அணில் எப்படி வருகிறது, எங்கே இருந்து வருகிறது, வேறு என்னவெல்லாம் அதனால் முடியும் என்று ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அது பொனட்டைத் திறக்கிற வேலை.)

பின் தோட்டத்தில் அம்பு மாதிரி நேராக நின்ற கமுகு ஒன்றை வெட்டினேன். இருபத்தைந்து அடி. நாலடிக் குழி தோண்டி, கல்லைப் போட்டு இறுக்கி, முற்றத்தின் நடுவில் நட்டேன். அதற்கு முன்பே உச்சியில் மாமாவின் பித்தளைத் தட்டை அடித்து வைத்தாயிற்று. கராம்பு பறிக்கிற உயர ஏணி வீட்டில் இருந்தபடியால் மேலே தீன் வைப்பதற்கும் கஷ்டமில்லை. தட்டு நிறையக் குறுணி போட்டு, அதன்மேல் நன்றாகப் பழுத்த கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்புக் கட்டினேன். அணில் பயப்படட்டும் என்று, லொறியில் நீளமான மரம் ஏற்றினால் பின்னால் கட்டுகிற சிவப்புத் துணி ஒன்றையும் உச்சியில் பறக்கவிட்டேன்.

நூரியா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு ஒசரத்துல வச்சா வாப்பா எப்புடிக் குருவியப் பாக்கிற?"

"அண்ணாந்து பாக்கலாம். கழுத்துக்கு நல்லது."

"இங்க பாருங்க, இந்தப் பலா மரத்துக் கொப்பு..."

"கொப்பு அதுபாட்டுக்கு ஈக்கட்டும். எனக்கு வேல ஈக்கி."

அவள் பிறகும் இரண்டு தடவை கொப்பு என்று வாயெடுத்தாள். இரண்டு தடவையும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கலியாணமாகி நாலு மாதம்; அதற்குள் அவள் பேச்சைக் கேட்டுப் பழகக் கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்தது பூச்சு. இதில்தான் என் முழுத் திறமையும் இருக்கிறது. கராஜிலிருந்து கொண்டுவந்த கிறீஸ், கியர் எண்ணெய், சீவிப் போட்ட பார் சவர்க்காரம், கடைசியாகச் செவ்வரத்தை இலையை அரைத்து எடுத்த கொழகொழப்பு. நாலையும் மாமியின் பழைய சட்டியில் இளஞ்சூட்டில் கிண்டினேன். (அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு ஒன்றும் சமைக்க முடியவில்லை. மாமி அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்தார். கோழியும் குடிக்கவில்லை.) ஏணியில் ஏறி உச்சியிலிருந்து பூசிக்கொண்டு இறங்கினேன். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. பிறகு மூன்றாம் பூச்சு. பொழுது சாய்கிற நேரம் ஒரு எறும்பு மரத்தில் ஏறப் பார்த்தது. அது வழுக்கிக் கீழே வந்ததை நான் கண்ணால் கண்டேன். அன்றைக்கு நான் தூங்கிய மாதிரி நிம்மதியாக என்றைக்கும் தூங்கியதில்லை.

மறுநாள் புதுவருஷம். காலையில் டிக்கிரி பண்டா வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக, பாற்சோறும் பணியாரமும் கொக்கிஸும் அடுக்கிய தட்டோடு வந்தார். வருஷா வருஷம் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அந்தத் தட்டு வரும். பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். முற்றத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். உச்சியில் சிவப்புக் கொடி, பழச் சீப்பு. அடியில் பளபளவென்று கிறீஸ். அவருடைய கண் கலங்கியது.

(அவர் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.)

"முதலாளி எங்களுக்காக இதச் செஞ்சாரா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்கள ஊர்களில் புதுவருஷ விளையாட்டென்றால் வழுக்கு மரம் இல்லாமல் இல்லை. கமுகை நட்டு, கிறீஸ் பூசி, உச்சியில் கொடி கட்டிவிடுவார்கள். ஏறி எடுப்பவனுக்குப் பரிசு. அந்த வருஷம் மழை பிந்தியதால் வழக்கமாக விளையாட்டு நடக்கிற வயலில் இன்னும் கதிர் நின்றது. இந்த முறை வழுக்கு மரம் இல்லை என்று ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஊர் முதலாளியின் முற்றத்தில், புதுவருஷக் காலையில், முறைப்படி ஒரு வழுக்கு மரம் எழும்பி நிற்கிறது. அதைப் பார்க்கிறவர் வேறு என்ன நினைப்பார்?

அந்த இடத்தில் 'இது குருவிக்கு' என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"ஐம்பது வருசமா வழுக்கு மரம் பாக்கிறேன். இப்படி ஒரு பூச்சக் கண்டதில்ல. யார்ட கை?"

குருவி, அணில், மாமா எல்லாரும் என் ஞாபகத்திலிருந்து போய்விட்டார்கள்.

"என்ட கைதான்," என்றேன்.

"பின்னேரம் எல்லாரையும் கூட்டிட்டு வாறேன்," என்று அவர் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்டு மாமி தலையில் கை வைத்தார். முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தது. மாமியும் நூரியாவும் அவசர அவசரமாகச் சுருட்டத் தொடங்கினார்கள். பலா மரத்தடியில் கிடந்த பெரிய பாயைச் சுருட்டுவதற்குள் றபான் மேளச் சத்தம் கேட்டுவிட்டது. ஊர் திரண்டு வந்தது. பெண்கள் ஒரு பக்கம் றபானைச் சுற்றி உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்கள். வாலிபர்கள் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். பரிசு என்று ஒரு புதுச் சாரமும் பெரிய கித்துள் கருப்பட்டியும் விறாந்தை மேசையில் வந்து அமர்ந்தன.

அந்த நேரத்தில்தான் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையும் கையுமாக வாசலுக்கு வந்தார். தன் வீட்டு முற்றத்தில் இருநூறு பேர். நடுவில் ஒரு மரம். அதன் உச்சியில் தன்னுடைய தராசுத் தட்டு. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நான் கராம்புப் பாயைப் பார்த்தேன்.

டிக்கிரி பண்டா முன்னால் வந்து, இரண்டு கையாலும் வெற்றிலைச் சுருளை நீட்டி, குனிந்து நின்றார்.

"முதலாளி, இந்த வருசம் ஊருக்கு விளையாட்டு இல்லன்னு இருந்தோம். நீங்க மரம் நட்டுத் தந்தீங்க. ஊர் இத மறக்காது."

மாமா வெற்றிலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். வியாபாரத்தில் நாற்பது வருஷம் இருந்த மனுஷன். ஒரு நிமிஷத்தில் நடந்ததெல்லாம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நூரியாட உம்மா, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

போட்டி ஆரம்பித்தது. முதலில் தனித்தனி ஆட்கள். ஒருவன் மரத்தைக் கட்டிப் பிடித்தான். கட்டிப் பிடித்தபடியே இறங்கினான். அடுத்தவன் உள்ளங்கையில் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு பாய்ந்தான். ஐந்தடி போய் ஆறடி வந்தான். (எப்படி என்று கேட்காதீர்கள், அடியில் பள்ளம் விழுந்திருந்தது.) பிறகு குழு குழுவாக வந்தார்கள். ஒருவன் தோளில் ஒருவன், அவன் தோளில் இன்னொருவன். மூன்றாவது ஆள் கையை நீட்டுவான். அடியில் நிற்கிறவனுக்குக் கால் வழுக்கும். மூவரும் ஒருமிக்கப் பலா மரத்தடிப் பாயில் போய் விழுவார்கள். எழும்பும்போது உடம்பெல்லாம் கிறீஸ், கிறீஸ் முழுக்கக் கராம்பு. நடக்கிற கராம்பு மூட்டைகள் மாதிரி முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் உலாவினார்கள். கறிக்கு மசாலா போட்ட வாசம் ஊரெல்லாம் அடித்தது.

இரண்டு மணித்தியாலம். ஒருவராலும் பாதி மரம் தாண்ட முடியவில்லை. என் நெஞ்சு விம்மியது. ஒவ்வொருவன் வழுக்கும்போதும் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது. மாமாவைப் பார்த்தேன். மனுஷன் கதிரையின் விளிம்புக்கு வந்திருந்தார். தேநீர் கையிலேயே ஆறிப்போயிருந்தது. ஆள் விழும்போது தொடையில் தட்டிச் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

யாரோ ஒருவர் விறாந்தைப் படியில் நின்று கேட்டார். "முதலாளி, இந்தப் பூச்ச எங்க பிடிச்சீங்க?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கட மருமகன் பூசினது," என்றார்.

என்னிடம் சொல்லவில்லைதான். ஆனால் என் காதில் விழுந்தது. அந்த நிமிஷத்தில் யாராவது எனக்கு ஒரு கராஜை எழுதித் தந்திருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிறீஸ் பட்டுவிட்டது என்று நூரியாவிடம் பொய் சொன்னேன்.

சரியாக அப்போது பலா மரத்தில் இலை அசைந்தது.

என் கமுகின் உச்சிக்குக் கொஞ்சம் மேலே, எட்டொன்பது அடி தள்ளி, பலா மரத்தின் பெரிய கொப்பு ஒன்று முற்றத்தைப் பார்த்து நீண்டிருந்தது. பழைய கட்டை இடுப்பளவு உயரம். கொப்பிலிருந்து அதற்குக் குதிப்பதை எந்த அணிலும் நினைத்தும் பார்த்திருக்காது. நான்தான் தட்டைக் கொண்டுபோய்க் கொப்புக்குக் கிட்ட வைத்திருந்தேன். தண்டுலேனா கொப்பின் நுனிக்கு வந்தது. ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தது. அலட்டிக்கொள்ளாமல் ஒரே பாய்ச்சலில் தட்டில் வந்து உட்கார்ந்தது. பழம் ஒன்றைப் பிய்த்தது. உரித்தது. தோலைக் கீழே போட்டது. அது மூன்றாள் கோபுரத்துக்கு அடியில் நின்ற இளைஞனின் தலையில் விழுந்தது.

றபான் நின்றது. இருநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு டிக்கிரி பண்டா கையை உயர்த்தி, "போட்டி முடிஞ்சது. வென்றவர் மேல இருக்கிறார்," என்று அறிவித்தார். ஊர் சிரித்த சிரிப்பில் விறாந்தை ஓடு அதிர்ந்தது.

நான் பேசாமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இருக்க முடியவில்லை. மாமா என்னை மருமகன் என்று சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு அணில் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதே என்று எனக்குக் கண் மண் தெரியவில்லை. "இறங்கு கீழ," என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறினேன். என் பூச்சு என்னையும் வேறாகப் பார்க்கவில்லை. மூன்றடி ஏறினேன். அன்றைய போட்டியில் அதுதான் ஆகக் குறைந்த உயரம். வழுக்கிய வழுக்கலில் சாரம் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. நான் மட்டும் பின்பக்கமாகப் போய்க் கராம்புப் பாயில் கால் இரண்டும் மேலே தெரிய மல்லாக்க விழுந்தேன். உள்ளே கராஜுக்குப் போடுகிற அரைக் களிசான் போட்டிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதில் பின்பக்கம் இரண்டு ஓட்டை இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரித்திருக்கிறார்.

மாமா கதிரையை விட்டு எழும்பினார். கூட்டம் வழிவிட்டது. என் தலைமாட்டில் வந்து நின்று என்னைப் பார்த்தார். மரத்தில் தொங்கிய சாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக அண்ணாந்து பலா மரத்தைப் பார்த்தார். மாமி பக்கத்தில் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மருமகன்," என்றார். "அந்தக் கொப்பப் பாக்கல்லயா?"

"இல்ல மாமா," என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"சரி. எழும்புங்க." மரத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா மரம் நல்லாப் பூசி ஈக்கி."

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் என் கிறீஸ் முழுக்க அப்பிக்கொண்டது. அவர் அதைத் துடைக்கவுமில்லை.

பரிசை என்ன செய்வது என்று பிறகு ஊர் கூடிப் பேசியது. அணில் முதலாளி வீட்டு ஆள்தானே என்று கருப்பட்டியை மாமாவிடம் கொடுத்தார்கள். அணிலுக்குச் சாரம் எதற்கு, இங்கே ஒருவர் சாரமில்லாமல் நிற்கிறார் என்று புதுச் சாரத்தை எனக்குக் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, போட்டிக்கு வந்த பையன்கள் தலையிலும் சாரத்திலும் ஒட்டிய கராம்பையெல்லாம் பொறுக்கிச் சிறு பொட்டலமாகக் கொண்டுவந்து தந்தார்கள். மாமி அதைக் கறிக்கும் போடவில்லை, விற்கவும் விடவில்லை.

மறுநாளே கமுகின் அடித்துண்டை இடுப்பளவுக்கு அறுத்து, முற்றத்தில் நட்டு, என் பூச்சைப் பூசித் தட்டை அதில் வைத்தேன். இந்த முறை நூரியா சொன்ன இடத்தில். சின்ன அணில்கள் வந்து பார்த்தன, வழுக்கின, வேறு வேலையைப் பார்க்கப் போயின. தண்டுலேனா கொப்பில் இருந்து கீழே பார்த்துக் கணக்குப் போட்டது. தூரம் கூட என்று கண்டு, பலாக்காயோடு திருப்திப்பட்டது. நாலாம் நாள் கொண்டைக்குருவி வந்தது. மாமா அதோடு பேசினார். பேசி முடித்துவிட்டு, "மருமகன், பின்னேரம் வரக்குள்ள டவுனில இருந்து கொஞ்சம் சாமை வாங்கிட்டு வாங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஊர் வழுக்கு மரம் எங்கள் முற்றத்தில்தான் நின்றது, பலா மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி. பூச்சு என்னுடையது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டில் மட்டும் நிலைமை வேறு. நான் எந்தக் காரியத்தில் கை வைத்தாலும், பழைய வான் வாங்கினாலும், கிணறு வெட்ட இடம் பார்த்தாலும், மகளுக்கு மாப்பிள்ளை பேசினாலும், யாராவது ஒருவர் "கொப்பப் பாத்தீங்களா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மாமாவின் கடைசிக் காலத்தில் அவரைக் கண்டிக்கு ஒரு டொக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம். கூட வந்திருப்பது யார் என்று டொக்டர் கேட்டார். மாமாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவர் என்ட மருமகன். இவர் பூசின மரத்துல ஒத்தராலும் ஏற ஏலாது," என்றார்.

டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற நூரியா, தகப்பனுக்கு முடியாமல் இருக்கிற நேரத்திலும், சும்மா இருக்கவில்லை.

"அணில் ஏறினது டொக்டர்," என்றாள்.

மாமா சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எந்த டொக்டர் முன்னால் என்றாலும் உண்மை உண்மைதான். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அவள் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் சொல்கிறேன்: ஏறவில்லை. பாய்ந்தது.